35 டாலர் பலகையில் 295 டாலர் மென்பொருள்: ராஸ்பெர்ரி பையில் மேத்தமேட்டிகா

2013 நவம்பர் 21 அன்று, கணினிவழிக் கணிதக் கல்வி பற்றி நியூயார்க்கில் நடந்த ஒரு மாநாட்டில், கணித மென்பொருள் செய்யும் வுல்ஃப்ரம் நிறுவனமும், ஒரே சிறு பலகையில் அடங்கும் ராஸ்பெர்ரி பை (சுருக்கமாகப் பை) என்ற மலிவுக் கணினியை உருவாக்கிய ராஸ்பெர்ரி பை அறக்கட்டளையும் சேர்ந்து ஓர் அறிவிப்பை வெளியிட்டன. இனி எல்லா ராஸ்பெர்ரி பை கணினிகளுக்கும் வுல்ஃப்ரமின் கணித மென்பொருளான மேத்தமேட்டிகா இலவசம். அதன் அடியில் ஓடும் வுல்ஃப்ரம் நிரல் மொழியும் இலவசம். இரண்டும் இயங்குதளத்தோடு சேர்ந்தே வரும். அப்போது பையின் 'பி' மாடல் விலை 35 டாலர். மேத்தமேட்டிகாவின் வீட்டுப் பதிப்பு 2009-இல் வந்தபோதே 295 டாலர். தொழில்முறைப் பதிப்பு ஆயிரக்கணக்கில் போகும். பலகையைவிட எட்டு மடங்கு விலையுள்ள மென்பொருள் சும்மா வருகிறது என்றால் எந்தப் பள்ளி வேண்டாம் என்று சொல்லும்?

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். பள்ளி லேபுக்கு வரும் மாடாக இருந்தால் நான் பார்த்துவிடுவேன். ஏனென்றால் இதை வைத்துப் பாடம் எழுதப்படும், தேர்வு வைக்கப்படும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப்படும். அப்புறம் மாடு நின்றுவிட்டால் வண்டியும் நின்றுவிடும்.

இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. கட்டற்ற இயங்குதளத்தின் (யாரும் நிரலைப் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் கூடியது) மேல் தனியுரிம மென்பொருளை (நிரல் மூடியிருப்பது, உரிமையாளர் மட்டுமே மாற்றக் கூடியது) வைப்பதா வேண்டாமா என்று பள்ளிகளில் பேச்செடுத்தால், அது நேராக விலைக்குப் போய், "பட்ஜெட் இல்லை" என்பதோடு முடிந்துவிடும். இங்கே விலை சுழியம். அதனால் விலையைக் கழித்த பிறகும் என்ன சிக்கல் மிஞ்சுகிறது என்று தனியாகப் பார்க்க முடிகிறது. என் கணக்கில் மிஞ்சுவது இரண்டு. உரிமம் யாரோடு கட்டப்பட்டிருக்கிறது, பிள்ளையோடா, பலகையோடா? அடியில் இருக்கும் இயங்குதளம் மாறும்போது அந்த மென்பொருளை மறுபடி தொகுத்து, அதாவது எழுதிய நிரலைப் புதிய இயங்குதளத்தில் ஓடும் வடிவுக்கு மாற்றிக் கொடுக்க யாரால் முடியும்?

இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் பையின் இயங்குதளம் உருவானதே அந்தக் கேள்விக்குக் கிடைத்த நல்ல பதிலால்தான்.

கேம்பிரிட்ஜில் கணினி அறிவியல் படிக்க விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் நிரல் எழுதும் பழக்கமும் குறைந்துகொண்டே போவதைப் பார்த்துத்தான் எபன் அப்டனும் அவருடைய சகாக்களும் ஒரு மலிவான பலகையை உருவாக்கக் கிளம்பினார்கள். 2012 பிப்ரவரி 29 அன்று அது விற்பனைக்கு வந்தது. உள்ளே பிராட்காமின் ஏஆர்எம்வி6 வகைச் சில்லு, வேகம் 700 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 256 எம்பி. சில்லு பழைய தலைமுறை. தசம எண் கணக்குகளுக்கென்று அதில் தனி வன்பொருள் இருந்தது. ஆனால் அதைப் பயன்படுத்தும் டெபியன் (கட்டற்ற லினக்ஸ் இயங்குதளம் ஒன்று) பதிப்போ அடுத்த தலைமுறைச் சில்லான ஏஆர்எம்வி7-ஐக் கேட்டது. அதாவது பையில் டெபியன் ஓடும், ஆனால் இருக்கிற வேகத்தைப் பயன்படுத்தாமல் ஓடும்.

மைக் தாம்சன், பீட்டர் கிரீன் என்ற இரண்டு தன்னார்வலர்கள் டெபியனின் பொதிகளை (நிறுவுவதற்கான மென்பொருள் கட்டுகள்) இந்தச் சில்லுக்கென்று மறுதொகுப்பு செய்ய உட்கார்ந்தார்கள். மொத்தம் 35,000-க்கு மேல். 2012 ஜூனில் வேலை முடிந்தது. அதுதான் ராஸ்பியன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, எந்த நிறுவனத்தின் கால அட்டவணைக்காகவும் காத்திருக்கவில்லை. மூலநிரல் கையில் இருந்தது, மறுதொகுப்பு செய்யும் உரிமை உரிமத்திலேயே இருந்தது, அவ்வளவுதான். அடுத்த மாதமே அறக்கட்டளை அதைத் தன் பரிந்துரை இயங்குதளமாக்கியது.

பை முழுக்க முழுக்கக் கட்டற்றது என்று யாராவது நினைத்தால், அதுவும் சரியில்லை. பலகை துவங்குவதற்கே பிராட்காமின் மூடிய ஃபர்ம்வேர் (வன்பொருளைத் துவக்கி இயக்கும் அடிப்படை நிரல்) வேண்டும். அதைவிட வேடிக்கையானது வீடியோ சாவி.

சாவி 2.40 பவுண்டு

சில்லில், டிவிடிகளில் இருக்கும் எம்பெக்-2 வகை வீடியோவைப் பிரித்து ஓட்டும் வசதி இருந்தது. ஆனால் அதற்குக் காப்புரிமைக் கட்டணம் உண்டு. 35 டாலர் பலகையில் எல்லாரிடமும் அதை வசூலிக்க அறக்கட்டளைக்கு மனமில்லை. எச்.264 என்ற இன்னொரு வீடியோ வகைக்கு மட்டும் கட்டணத்தைச் சேர்த்துவிட்டு, எம்பெக்-2-ஐப் பூட்டியே வைத்தார்கள். 2012 ஆகஸ்டில் அந்தப் பூட்டுக்குச் சாவி விற்பனைக்கு வந்தது. எம்பெக்-2 சாவி 2.40 பவுண்டு, விசி-1 என்ற வேறொரு வீடியோ வகைக்கான சாவி 1.20 பவுண்டு.

வாங்குவது எப்படி என்று பாருங்கள். பலகையில் ஒரு கட்டளை கொடுத்து அதன் வரிசை எண்ணை எடுக்க வேண்டும். அதை இணையக் கடையில் தட்டச்சு செய்து பணம் கட்ட வேண்டும். மின்னஞ்சலில் ஒரு சின்ன எண் வரும். அதை, இயங்குதளம் இருக்கும் எஸ்டி கார்டின் அமைப்புக் கோப்பில் ஒரு வரியாகச் சேர்த்து மறுதுவக்கம் செய்தால் பழைய டிவிடி படங்கள் ஓடும். சாவி அந்த ஒரு பலகைக்கு மட்டுமே. 30 பலகை இருக்கும் லேப் என்றால் 30 வரிசை எண், 30 சாவி, 72 பவுண்டு. கார்டைக் கழற்றிப் பக்கத்துப் பலகையில் செருகினால் வேலை செய்யாது. பலகை எரிந்துபோனால் சாவியும் போச்சு.

சில ஆண்டுகளில் இதெல்லாம் அர்த்தமில்லாமல் போனது. 2018 பிப்ரவரியில் அமெரிக்காவில் எம்பெக்-2-இன் கடைசிக் காப்புரிமையும் காலாவதியானது. 2019-இல் வந்த பை 4-இல் அந்த வன்பொருள் வசதியை நிரந்தரமாகவே மூடிவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய சாவி இருந்தாலும் திறக்காது. மையச் சில்லுக்கே போதிய வேகம் இருப்பதால் மென்பொருளாலேயே அந்த வீடியோவை ஓட்டிவிடலாம்.

சிறிய தொகைதான். ஆனால் உரிமத்தைப் பலகையோடு கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான சோதனை கிடைக்காது. சாவி வாங்கியவருக்கு வீடியோ பார்க்கும் உரிமை எதுவும் கிடைக்கவில்லை. குறிப்பிட்ட ஒரு பச்சைப் பலகைக்குத்தான் அது கிடைத்தது. மேத்தமேட்டிகாவின் கதையும் அடிப்படையில் இதேதான், காசு மட்டும் இல்லை.

வுல்ஃப்ரம் ஏன் கொடுத்தது?

நல்ல மனசு இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் முன்வரலாறு ஒன்று இருக்கிறது. 1988-இல் மேத்தமேட்டிகா வெளிவந்தது. அந்தப் பெயரைச் சொன்னவரே ஸ்டீவ் ஜாப்ஸ். அவர் அப்போது நடத்திய நெக்ஸ்ட் நிறுவனம் பல்கலைக்கழகங்களுக்கு விற்ற கணினிகளில் மேத்தமேட்டிகாவைச் சேர்த்தே கொடுத்தது. பின்னாளில் வைய விரிவு வலையைக் கண்டுபிடிக்க டிம் பெர்னர்ஸ்-லீ பயன்படுத்திய, செர்ன் ஆய்வுக்கூடத்தின் நெக்ஸ்ட் கணினிகள், மேத்தமேட்டிகாவை ஓட்டுவதற்காக வாங்கப்பட்டவை என்று நிறுவனர் ஸ்டீபன் வுல்ஃப்ரம் பெருமையோடு சொல்வதுண்டு. படிக்கிற வயதில் கையில் கொடுத்துவிட்டால் வேலைக்குப் போன பிறகும் அதையே கேட்பார்கள் என்பது அந்த நிறுவனத்துக்குக் கால் நூற்றாண்டாகத் தெரிந்த வியாபாரம்.

2013-இன் பையில் இன்னொரு பாதுகாப்பும் இருந்தது. பலகை மெது. மேசைக் கணினியில் சட்டென்று வரும் விடை பையில் பல மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். ஆராய்ச்சிக் கூடமோ பொறியியல் நிறுவனமோ காசைச் சேமிப்பதற்காகப் பைக்கு மாறிவிடும் என்ற பயம் இல்லை. உரிமத்திலும் தனிப்பட்ட, கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும், வணிகத்துக்கு ஆகாது என்ற நிபந்தனை உண்டு. எனக்கென்னவோ அந்த வாசகத்தைவிடச் சில்லின் மந்தம்தான் நல்ல வேலியாக நின்றது என்று தோன்றுகிறது.

சரி, வகுப்பில் அது எப்படி இருந்தது? ஒரே ஒரு கட்டளையில் நிறுவிக்கொள்ளலாம். கார்டில் ஏறக்குறைய 600 எம்பி காலியாக இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் 4 ஜிபி கார்டு சாதாரணம் என்பதால் அது பெரிய இடம். மேசைத்திரையில் இரண்டு சின்னங்கள் வரும். ஒன்று வெறும் கட்டளை வரி, இன்னொன்று குறிப்பேடு போன்ற முழு முகப்பு. முழு முகப்பைச் சொடுக்கிவிட்டுக் கொஞ்சம் பொறுமையாக உட்கார வேண்டும். திறந்த பிறகு, உண்மையைச் சொன்னால், அருமையான கருவி. 100-இன் காரணீயத்தை (1 முதல் 100 வரை எல்லா எண்களின் பெருக்கல்) கேட்டால் 158 இலக்கமும் வரிசையாக வந்து நிற்கும். (இதைக் கட்டற்ற நிரல் மொழியான பைத்தானும் செய்யும், அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை.) ஆனால் ஒரு கோவையைத் தொகையிடச் சொன்னால் விடையைப் பாடப்புத்தகத்தில் அச்சிட்டது போல எழுதிக் காட்டுவதும், அடுத்த வரியிலேயே அதன் வரைபடத்தைப் போட்டு நழுவுபட்டையால் ஆட்டிப் பார்க்கவிடுவதும், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சும்மா கிடைக்கக் கூடியவையாக அன்று இருக்கவில்லை.

பலகையின் ஓரத்தில் இருக்கும் ஊசிகளில் விளக்கு, உணரி இவற்றை மாட்டி வுல்ஃப்ரம் மொழியால் இயக்கலாம் என்பது அறிவிப்பின் கவர்ச்சிகளில் ஒன்று. இங்கே ஒரு சின்ன விஷயம். ஊசிகளைத் தொட வேண்டுமானால் மேத்தமேட்டிகாவை ரூட் அதிகாரத்தோடு, அதாவது கணினியின் முழு நிர்வாக உரிமையோடு, திறக்க வேண்டும் என்று வழிகாட்டியே சொன்னது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்க முடியாத ஒரு நிரலுக்கு மொத்தக் கணினியின் சாவியையும் கொடுக்கச் சொல்கிறார்கள். ராஸ்பியனில் வழக்கமான பயனருக்கே கடவுச்சொல் இல்லாமல் ரூட் அதிகாரம் இருந்ததால் நடைமுறையில் யாருக்கும் இது உறைக்கவில்லை. லேப் நிர்வாகிக்கு உறைத்திருக்க வேண்டும்.

2019: புதிய பலகை வந்தது, மேத்தமேட்டிகா வரவில்லை

2019 ஜூன் 24 அன்று பை 4 வெளியானது. முந்தைய பலகைகளைவிட மிகப் பெரிய தாவல். 4 ஜிபி நினைவகம் வரை கிடைத்தது. மேத்தமேட்டிகாவுக்குக் கடைசியில் ஏற்ற பலகை வந்துவிட்டது என்று சொல்லலாம். அதோடு ராஸ்பியனும் டெபியனின் அடுத்த பதிப்பான பஸ்டருக்கு மாறியது. பை 4-க்கு அந்தப் புதிய இயங்குதளம்தான் கொடுக்கப்பட்டது.

அந்த வெளியீட்டுக் குறிப்பில் ஒரு வரி: வுல்ஃப்ரம் மேத்தமேட்டிகா பஸ்டரோடு ஒத்துப்போகாததால் தற்காலிகமாக நீக்கப்பட்டிருக்கிறது.

அவ்வளவுதான் விளக்கம். அதற்கு மேல் எழுதவும் அறக்கட்டளையிடம் எதுவும் இருந்திருக்காது. ஆயிரக்கணக்கான மற்றப் பொதிகள் புதிய பதிப்புக்குத் தொகுக்கப்பட்டு வந்து சேர்ந்தன. எதாவது ஒன்று இடறினால் டெபியனிலோ அறக்கட்டளையிலோ எங்கோ ஒரு மூலையிலோ யாராவது திருத்தம் போட முடியும். இந்த ஒன்றைத் திருத்தக் கூடிய ஆட்கள் ஒரே ஒரு நிறுவனத்தில்தான் இருந்தார்கள். பிறகு புதிய பதிப்பு வந்து மேத்தமேட்டிகா திரும்பச் சேர்க்கப்பட்டது உண்மை. ஆனால் அந்த இடைவெளியில் புதிய பலகை வாங்கி, பழைய பாடத்திட்டத்தோடு வகுப்புக்குப் போன ஆசிரியருக்கு யாரிடமும் முறையிட வழியில்லை. காசு கொடுத்து வாங்கியிருந்தால் ஆதரவு ஒப்பந்தம் என்று ஒன்றாவது இருந்திருக்கும். இலவசமாக வந்ததற்கு அதுவும் கிடையாது.

இதோடு, பிள்ளைகள் கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் ஸ்க்ராட்ச் பட்ட பாட்டை ஒப்பிட்டால் விஷயம் பளிச்சென்று தெரியும். எம்ஐடியின் ஸ்க்ராட்ச் 1.4 பையில் முதலில் ஆமை வேகத்தில் ஓடியது. பிள்ளைகள் பூனையை நகர்த்தினால் பூனை யோசித்து யோசித்து நகரும். அது ஸ்க்வீக் ஸ்மால்டாக் என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டது, மூலநிரல் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் இருந்தது. அறக்கட்டளை என்ன செய்தது? ஸ்க்வீக்கில் பழுத்த கையான டிம் ரௌலெட்ஜைப் பணம் கொடுத்து அமர்த்தியது. அவர் நிரலுக்குள் புகுந்து, மெதுவான இடங்களைத் தேடித் தேடி மாற்றி எழுதினார். 2015 வாக்கில் பையின் ஸ்க்ராட்ச் கணிசமாக வேகம் பிடித்துவிட்டது. எம்ஐடி அப்போது வேறு தொழில்நுட்பத்தில் ஸ்க்ராட்ச் 2-க்கே போய்விட்டிருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். உருவாக்கியவர்கள் பழைய பதிப்பை விட்டுவிட்டுப் போன பிறகும் அதைப் பள்ளிகளுக்காகச் சீர்செய்ய முடிந்தது. இங்கேயும் பணம் செலவானது. ஆனால் பணத்தைக் கொடுத்தால் வேலை நடக்கும் என்ற நிலை இருந்தது. மேத்தமேட்டிகாவில் அறக்கட்டளை பணத்தை எடுத்து நீட்டினாலும், மறுதொகுப்பு செய்யும் ஆளை வெளியே தேடிப் பிடிக்க முடியாது.

மூன்றாவதாக ஒன்று, கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் விளையாட்டான மைன்கிராஃப்ட். 2013 பிப்ரவரியில் பைக்கென்று ஓர் இலவசப் பதிப்பு வந்தது. பைத்தானிலிருந்து கட்டளை அனுப்பினால் விளையாட்டு உலகத்தில் கல் முளைக்கும். மூன்று எண்ணும் ஒரு பொருளின் எண்ணும் கொடுத்தால் அந்த இடத்தில் ஒரு செங்கல். அதையே ஒரு சுழற்சிக்குள் போட்டால் ஒரு சுவர். சுழற்சி என்றால் என்ன என்று கரும்பலகையில் விளக்க முடியாததைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது ஒரே நிமிடத்தில் விளக்கிவிடும். இங்கிலாந்தில் 2014 செப்டம்பரில் புதிய கணினிக் கல்விப் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தபோது இது பல வகுப்புகளில் புழங்கியது. விளையாட்டு மட்டும் தொடக்ககாலப் பதிப்பிலேயே நின்றுவிட்டது. புதிய வசதி எதுவும் சேரவில்லை, உருவாக்கியவர்களின் கவனம் வேறு பக்கம் போய்விட்டது. சட்டப்படி இன்னும் இலவசம்தான். அதற்காகப் பாடம் எழுதிய ஆசிரியர்களோ, மைன்டெஸ்ட் போன்ற திறந்த மாற்றுக்குத் தங்கள் நிரல்களைக் கொண்டுபோக வழி தேட வேண்டியிருந்தது.

பிள்ளை வீட்டுக்கு எதை எடுத்துப் போகிறது?

முதல் கேள்விக்கு வருகிறேன். உரிமம் பையோடு கட்டப்பட்டிருக்கிறது. பள்ளியில் பையில் பயிற்சி செய்த பிள்ளை தன் குறிப்பேட்டுக் கோப்பைப் பென்டிரைவில் போட்டு வீட்டுக்கு எடுத்துச் செல்கிறது. வீட்டில் விண்டோஸ் லேப்டாப், அல்லது அரசு கொடுத்த லினக்ஸ் லேப்டாப். இரண்டிலும் மேத்தமேட்டிகாவுக்கு அந்த உரிமம் செல்லாது. வுல்ஃப்ரமின் இலவசக் காட்டியை நிறுவினால் கோப்பைப் பார்க்கலாம். மாற்றி எழுதி ஓட்டிப் பார்க்க முடியாது. 2019 மே மாதம் அந்த நிறுவனம் நிரலாளர்களுக்கென்று ஓர் இலவச இயந்திரத்தை வெளியிட்டது. அதில் குறிப்பேடு முகப்பு கிடையாது. பள்ளிப் பிள்ளைக்கு முகப்புதான் எல்லாம்.

பள்ளிக்குள்ளேயும் இந்தக் கட்டு உறுத்தும். ஒரே லேபில் பத்துப் பையும் டெபியன் ஓடும் இருபது பழைய மேசைக் கணினியும் இருந்தால், இயங்குதளம் ஒரே குடும்பம், ஆசிரியர் ஒருவரே, பாடமும் ஒன்றே. மேத்தமேட்டிகா மட்டும் பத்தில் இருக்கும், இருபதில் இருக்காது. கட்டற்ற கணித மென்பொருள்களான சிம்பையோ (பைத்தானுக்கானது) மேக்சிமாவோ என்றால் முப்பதிலும் இருக்கும், வீட்டிலும் இருக்கும். மேக்சிமாவின் முகம் பார்க்க அழகாக இருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நம் பக்கத்தில் இதை யோசிக்கக் கேரளம் நல்ல இடம். ஐடி@ஸ்கூல் என்று தொடங்கி 2017-இல் கைட் என்ற அரசு நிறுவனமாக மாறிய அமைப்பு, மாநிலப் பள்ளிகள் அனைத்துக்கும் ஒரே லினக்ஸ் தொகுப்பைத் தயாரித்துக் கொடுக்கிறது. பள்ளிகள் அதை நகலெடுத்து எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பிள்ளைகளும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இந்த முறை நடக்க வேண்டுமானால் தொகுப்பில் இருக்கும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் மறுவிநியோக உரிமை இருக்க வேண்டும். பலகைக்குப் பலகை உரிமம் பார்க்கும் ஒரு பொதி உள்ளே வந்தாலும் மொத்தத் தொகுப்பையும் நகலெடுக்கத் தயங்க வேண்டிவரும். பத்தாண்டுக்கு முன் கேரள அரசு பள்ளி மாணவர்களுக்கு ராஸ்பெர்ரி பை கொடுத்தும் பார்த்திருக்கிறது. ஆனால் வகுப்பறைக் கணிதத்துக்கு அங்கே முதன்மையாக நின்றது மேத்தமேட்டிகா அல்ல, வடிவியலையும் வரைபடங்களையும் காட்டும் ஜியோஜீப்ரா.

ஜியோஜீப்ராவும் முழுக்கக் கட்டற்றது என்று சொல்லிவிட முடியாது. மார்கஸ் ஹோகன்வார்ட்டர் ஆஸ்திரியாவில் மாணவராக இருந்தபோது தொடங்கிய மென்பொருள் அது. மூலநிரல் கட்டற்ற உரிமத்தில் வெளியாகிறது. நிறுவும் கோப்பு, மொழிக் கோப்புகள் போன்றவை வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும். பள்ளிகளுக்கு இந்த வேறுபாடு கண்ணில் படுவதே இல்லை. 2021 டிசம்பரில் இந்தியாவின் இணையக் கல்வி நிறுவனமான பைஜூஸ் ஜியோஜீப்ராவை வாங்கியது. 2024 ஜூலையில் பைஜூஸின் தாய் நிறுவனமே திவால் நடவடிக்கைக்குள் போனது. கணித ஆசிரியர்கள் அன்றாடம் திறக்கும் கருவியின் உடைமையாளர் கடன் கொடுத்தவர்களோடு நீதிமன்றத்தில் நின்றார். மென்பொருள் நாளைக்கே நின்றுவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. மூலநிரல் வெளியில் இருக்கும்வரை யாராவது எடுத்து நடத்தலாம். மேத்தமேட்டிகாவுக்கு அப்படி ஒரு நிலை வந்தால் எடுத்து நடத்த எதுவும் வெளியில் இல்லை. பாதி திறந்ததற்கும் முழுக்க மூடியதற்கும் உள்ள தூரம் இந்த மாதிரி நேரத்தில்தான் பள்ளிக்குத் தெரிய வரும்.

பை லேப் வைத்திருக்கும் பள்ளி ஒன்று என்னைக் கேட்டால் மேத்தமேட்டிகாவை நீக்கச் சொல்லமாட்டேன். ஆசிரியர் வகுப்பில் காட்டிப் பேசவும், ஆர்வமுள்ள பிள்ளை தோண்டிப் பார்க்கவும் அதைவிட நல்லது குறைவு. மதிப்பெண் கொடுக்கும் பயிற்சியையும் ஆண்டிறுதித் தேர்வையும் மட்டும் அதில் வைக்க வேண்டாம்; அவற்றைப் பைத்தானிலும் சிம்பையிலும் வைத்துக்கொள்ளலாம். கல்வியாண்டு நடுவில் இயங்குதளத்தின் புதிய பதிப்பு வந்தால், முதலில் ஒரு கார்டில் மட்டும் போட்டு மேத்தமேட்டிகா திறக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றக் கார்டுகளைத் தொடலாம். பழைய படிமக் கோப்பு (இயங்குதளத்தின் முழு நகல்) ஒன்றை லேப் சர்வரில் எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. 2019-இல் பழைய பலகைகளோடு அப்படி வைத்திருந்தவர்களுக்கு மேத்தமேட்டிகா ஒரு நாளும் நிற்கவில்லை.